ஐந்து நட்சத்திர மொய்

தியாகராய நகர், சென்னை
ஆவணி மாதம்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் ஜவஹர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் சரோஜாதேவியும் சுகம். அக்காவின் முழங்காலும், தங்கள் பாத்திரக்கடையும், புதுக் குடித்தனம் போயிருக்கும் ஷண்முகப்ரியாவும் மாப்பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். போனில் சொல்ல வேண்டியதை இந்தக் காலத்தில் தபாலில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். போனில் நான் “அத்தான்” என்று ஆரம்பித்தால் “நான் பாத்துக்கிடுதேன் மாப்ள” என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பதால்தான் தபால். வாட்ஸாப்பில் அனுப்பலாம்தான். ஆனால் போன தடவை உங்களுக்கு மட்டும் என்று நான் அனுப்பியதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டீர்கள். எனக்கு மூலம் இருப்பது இப்போது அம்பாசமுத்திரம் வரை தெரியும்.

விஷயம் கடையைப் பற்றியது. பழைய கட்டடத்தை இடித்ததும், நான் அதே தெருவில் நாலு கட்டடம் தள்ளி மாடிக்கு மாறியதும் உங்களுக்குத் தெரியும். தெருவைப் பார்த்த கடையாக இருந்தது. இப்போது பைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் போகும் படிக்கட்டில் ஏறினால் முதல் மாடியில் பின்பக்கம் இருக்கிறது. பைக்கடைக்காரர் தன் சரக்கையெல்லாம் வெளியே தொங்கவிட்டிருப்பதால் படிக்கட்டு இருப்பதே தெரியாது. ‘ஜவஹர் மேட்சிங் சென்டர்’ என்ற என் போர்டு ஒரு தோள்பைக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பை விற்றால் போர்டு கொஞ்ச நேரம் தெரியும், உடனே அந்த இடத்தில் இன்னொன்றை மாட்டிவிடுவார். என் வாடிக்கையெல்லாம் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற ரவிக்கைத் துணி தேடி வருகிற பெண்கள். அவர்களுக்குப் பொறுமை அதிகம், ஆனால் படிக்கட்டைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லை. மயிலாப்பூரிலிருந்து வருஷக்கணக்காக வரும் ஜெயஸ்ரீ மாமி ஒருநாள் பழைய இடத்திலிருந்து போன் செய்தார். “என்னப்பா ஜவஹர், நான் புடவைப் பையை வச்சுண்டு ஒரு பள்ளத்துக்கு முன்னாடி நின்னுண்டிருக்கேன். நீ எங்கே இருக்கே?” என்றார். நான் வழி சொன்னேன். மாமி அரை மணி நேரம் தேடிவிட்டு, கடைசியில் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு மயிலாப்பூருக்கே திரும்பிப் போனார்.

தீபாவளி வரை பார்ப்பது, அதற்குள் ஆள் வரவில்லையென்றால் கடையை மூடிவிட்டுத் திசையன்விளைக்கு வந்து உங்கள் கடையில் உட்காருவது என்று சரோஜாதேவி தீர்மானம் போட்டுவிட்டாள். நீங்களும் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறீர்கள். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை உண்டோ அவ்வளவு பயமும் உண்டு அத்தான். குக்கர் மூடியை மாற்றி எடுத்துக் கொடுத்த ஒருவனை நீங்கள் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்கு என் கடைதான் வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதனால்தான் ஈக்காட்டுத்தாங்கலில் வர்ஷினி என்ற பெண்ணைப் பிடித்தேன். லேத் பட்டறைக்கு மேலே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் போன்ற குட்டிக் கடைகளின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். ஒரு பரோட்டாக் கடை, ஒரு காது மிஷின் கடை, நாய்களுக்கு முடிவெட்டும் ஓர் இடம், எல்லாம் அவள் பொறுப்பு. “அங்கிள், உங்க கடையை யாரும் பேர் சொல்லித் தேடமாட்டாங்க. பக்கத்துல பிளவுஸ் மேட்சிங் எங்க இருக்குன்னுதான் தேடுவாங்க. அப்போ நாம மேல வரணும். கஸ்டமர் உங்ககிட்ட எந்த வார்த்தையில கேக்கறாங்களோ அதையே சைட்ல எழுதணும்” என்றாள். நானும் கடையில் காதில் விழுவதையெல்லாம் சொன்னேன். மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல், கத்தரிப்பூ, பாசிப்பயறு, மிளகாய்ச் சிவப்பு. அவள் அப்படியே போட்டாள். ஒரு வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. வடபழனியிலிருந்து மெஸ் நடத்தும் ஒருவர், வெங்காயம் மூட்டையாகக் கிடைக்குமா என்று கேட்டார். தோல் கலர் மட்டும்தான் இருக்கிறது என்றேன், கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். வர்ஷினி ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ‘கலர் ரவிக்கைத் துணி’ என்று சேர்த்த பிறகு வெங்காயம் நின்று துணி விசாரணை வந்தது. கடையின் புதுப் படங்கள் போட்டாள், திறக்கும் நேரத்தைப் போட்டாள், போட்ட நேரத்துக்கு என்னைத் திறக்கவும் வைத்தாள். மேப்பில் பழைய பள்ளத்திலிருந்து கடையைத் தூக்கிப் புது இடத்தில் வைத்தாள். மிச்சம் இருந்தது, வாங்கியவர்கள் மேப்பில் கடைக்குப் போடும் நட்சத்திரம்தான். “வாங்கினவங்க எழுதணும், வாங்கினப்புறம் எழுதணும், அவங்களா எழுதணும், கொஞ்சம் கொஞ்சமா வரணும். அவசரமே படாதீங்க அங்கிள்” என்றாள். நம் சொந்தத்தில் என்னிடம் துணி எடுத்தவர்கள் எழுதட்டும் என்று, இந்த நாலு நிபந்தனைகளையும் உங்களுக்குச் சொல்லத்தான் வைகாசியில் போன் செய்தேன். முதல் நிபந்தனை பாதியில் இருக்கும்போதே நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஷண்முகப்ரியாவின் கல்யாணத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தாய்மாமனாக மேடையில் நின்ற எனக்கு அது எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. கையில் மாலையோடு, கீழே இறங்க முடியாமல் நிற்கிறேன். மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜையும், அதன் பின்னால் உங்கள் கடைப் பையன்கள் இரண்டு பேரும் இருப்பதைப் பார்த்தேன். மொய் எழுதியவர்கள் அங்கே நகர்ந்து போனைக் கொடுக்கிறார்கள், பையன்கள் எதையோ தட்டித் திருப்பித் தருகிறார்கள். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் மைக்கில் கேட்டது. “இட்டமொழி அரிசி மில் குடும்பத்தார், தாய்மாமன் கடைக்கு அஞ்சு நட்சத்திரம்! திசையன்விளை பர்னிச்சர் மார்ட், அஞ்சு நட்சத்திரம்! அஞ்சுக்கு மேல போட வழியில்லையாம், அடுத்த ஆளு வாங்க!” ஐயர் என்னைப் பார்த்தார். நான் மாலையைப் பார்த்தேன். முகூர்த்தம் முடிவதற்குள் மண்டபத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் எனக்கு மொய் செய்து முடித்திருந்தார்கள்.

சென்னைக்குத் திரும்பிப் பார்த்தால் நம் தெருவிலேயே என் கடைக்குத்தான் நட்சத்திரம் அதிகம். ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பிறகுதான் படித்துப் பார்த்தேன். துணியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க.’ ‘பாயசம் இரண்டு வகை, பிரமாதம்.’ ‘இரண்டாம் பந்திக்கு வடை வரவில்லை, இருந்தாலும் ஐந்து.’ அடையாறிலிருந்து ஒரு தம்பதி எப்படியோ படிக்கட்டைக் கண்டுபிடித்து மேலே வந்தார்கள். அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “மண்டபம் பின்னாடியா? எத்தனை பேர் கொள்ளும்?” என்று கேட்டார். நின்றபடி என்றால் ஆறு பேர் என்று சொன்னேன். கணவர் சிரித்தார், அம்மாள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மேப்பிலிருந்து என் கடையே காணாமல் போயிற்று. ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஓடினேன். வர்ஷினி நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அங்கிள், தி.நகர் கடைக்கு ஒரே மண்டபத்திலேருந்து, ஒரே நேரத்துல, ஒரே வைஃபையில இத்தனை ரிவ்யூ. மிஷின் பார்த்துட்டு இது போலிக் கடைன்னு தூக்கிடுச்சு. ரிவ்யூ எல்லாத்தையும் அழிச்சிடுச்சு” என்றாள். போலியில்லையம்மா, அது மொய் என்றேன். “மொய்னா என்னன்னு மிஷினுக்கு நான் எப்படி அங்கிள் புரியவைக்கிறது?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. மிஷினுக்கு ஊரில் சொந்தக்காரர்கள் இல்லை.

ஆனி மாதம் முழுக்க ஈ ஓட்டினேன் அத்தான். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து அளவுகோலைக் கையில் எடுப்பேன். அது மேல் மாடி டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளாக இருக்கும். ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று சரோஜாதேவி அக்காவிடம் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். விசாரித்ததில் தவறில்லை, என்னிடம் சொல்லாமல் விசாரித்ததுதான் வருத்தம். இத்தனை வருஷம் உழைத்த ஒரு கடை இருக்கிறதா இல்லையா என்பதை, அதை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒன்று முடிவு செய்கிறதே என்று கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் சாப்பாட்டின் மேல் காட்டினேன்.

கடை நிஜம் என்று நிரூபிக்க ஒரு வழி இருந்தது. தெருவிலிருந்து நடந்து வந்து, போர்டைக் காட்டி, பூட்டைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போவதை, நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். நம் தெருவில் வெட்டாமல் நாலடி நடப்பதே கஷ்டம். படிக்கட்டின் கீழே தலைக்குக் கிளிப் விற்கிற முத்துமாரி என்னைப் பார்த்துவிட்டாள். “இன்னா அண்ணாத்த, ரீல்ஸ் போட்டுக்கினு கீறியா? நம்ம கிளிப்பையும் ஒரு தபா காட்டு” என்று அட்டையோடு போனுக்கு முன்னால் நீட்டினாள். முதல் வீடியோவில் பெரும்பகுதி கிளிப். இரண்டாவதில் போர்டு இருக்க வேண்டிய இடத்தில் தோள்பை. ஒரே ஒரு நிமிஷம் அதைக் கழற்றக்கூடாதா என்று பைக்கடைக்காரரைக் கேட்டேன். “வாங்கிக்கோ சார், இப்பவே கழட்டிர்றேன்” என்றார். வாங்கிக்கொண்டேன். அந்தப் பை இப்போது சரோஜாதேவியிடம் இருக்கிறது, நன்றாகத்தான் உழைக்கிறது. மூன்றாவது தடவை முத்துமாரியே முன்னால் போய், “ஒத்து, ஒத்து, அண்ணாத்த கடையை மிஷினுக்குக் காட்டணும்” என்று கூட்டத்தை விலக்கினாள். ஜனங்கள் ஏதோ சாமி வருகிறது என்று நினைத்து ஒதுங்கினார்கள். அந்த வீடியோ பாஸாகி, ஆடி பிறக்கும்போது கடை மேப்புக்குத் திரும்பியது.

கடை வந்தது, நட்சத்திரம் வரவில்லை. அது அழிந்துபோன செய்தி எப்படியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இட்டமொழி அரிசி மில்லிலிருந்து போன். “நாங்க வச்ச மொய்ய அழிச்சுட்டியளாமே? எங்க அஞ்சு ஒங்களுக்குக் காணாதோ?” என்று கேட்டார்கள். வைத்த மொய்யை அழிப்பது உறவை அழிப்பதுதானே, அவர்கள் கேட்டதும் நியாயம். நான் அழிக்கவில்லை, மிஷின் அழித்தது என்று ஆளுக்கு ஆள் விளக்கினேன். ஒருத்தரும் நம்பவில்லை. வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்துவிட்டால் மனம் ஆறுவார்கள் என்று நினைத்து, கடையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அரிசி மில்லுக்கு ஐந்து, பர்னிச்சர் மார்ட்டுக்கு ஐந்து என்று நானும் ஆரம்பித்தேன். நாங்குநேரிப் பக்கம் ஒரு போர்வெல் லாரிக்கு ‘ஆழ்ந்த அனுபவம் உள்ளவர்கள்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது வர்ஷினி உள்ளே வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். அன்று மாலை வரை தரவில்லை.

அந்த வாரம்தான் என் கடையின் கீழே ஒரே ஒரு விமரிசனம் வந்தது. ஒரு நட்சத்திரம். எழுதியவர், உடன்குடியில் இருக்கும் தங்கள் சித்தப்பா தவசிக்கனி அவர்கள். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எதையும் விவரமாக எழுதுவார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி மாதம் கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்தபோது, சித்தியின் கல்யாணப் புடவைக்குத் துணி எடுக்க என் கடைக்கு வந்திருந்தார்கள். அதன் பிறகு நீங்கள் வேலை மும்முரத்தில் அவருக்கு நேரில் போய்த் தாம்பூலம் வைக்காமல் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டீர்கள். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. உங்கள் கடை மேப்பில் இல்லை, ஆகையால் உங்கள் மேல் இருந்த கோபத்தை என் கடையின் மேல் இறக்கிவிட்டார். அப்படியே எழுதுகிறேன், படியுங்கள்:

‘மரியாதை தெரியாத குடும்பத்தின் கடை. போக நினைப்பவர்களுக்கு எச்சரிக்கை. தெருவுக்குள் நுழைந்தால் இடப்பக்கம் சிவப்புப் பெயின்ட் அடித்த பைக்கடை. அதை ஒட்டி, பைகளுக்குப் பின்னால், இருட்டாக ஒரு படிக்கட்டு. பார்த்தால் தெரியாது, கீழே கிளிப் விற்கும் அம்மாளைக் கேட்கவும். அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான் மரியாதையாகப் பேசுகிறார். படி திரும்பும் இடத்தில் குனியவும், தலை இடிக்கும். மேலே வலப்பக்கம் கடைசிக் கடை. உரிமையாளர் ஒரு காப்பி கூட வாங்கித் தரவில்லை. முதலில் காட்டிய துணியே போதும் என்று நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை. துணியையும் புடவையையும் எங்களையும் தெருவுக்கு இறக்கி, வெயிலில் வைத்துப் பார்த்து, இது டியூப்லைட்டில் மட்டும்தான் சேரும் என்று சொல்லித் திரும்ப மேலே ஏற்றினார். இப்படியே பலமுறை. கண் ஆபரேஷன் செய்தவன் என்ற இரக்கம்கூட இல்லை. அரை நாள் பாழ். கடைசியில் கொடுத்த துணி புடவையோடு ஒட்டிப் பிறந்தது போல் சேர்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நட்சத்திரம்.’

படித்ததும் எனக்கு முகம் எரிந்தது. இதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் கஷ்டம். கடைக்கு நட்சத்திரமே இல்லாமல் இருந்தது போய், இப்போது ஒற்றை நட்சத்திரம். இதோடு முடிந்தது என்று நினைத்துக் கடையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்று மதியம் படிக்கட்டில் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண், “குனிஞ்சு வா, இங்கதான் இடிக்கும்” என்று சொல்வது காதில் விழுந்தது. இரண்டு பேர் புடவைப் பைகளோடு வந்து நின்றார்கள். “சார், வெயில்ல வச்சுப் பார்த்துத் தர்ற கடை இதானே?” என்று கேட்டார்கள். மறுநாள் அவர்கள் சொல்லி நாலு பேர். ஜெயஸ்ரீ மாமி நேரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “அந்த மனுஷர் எழுதினதைப் படிச்சுண்டே நடந்தேன். கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வந்த மாதிரி உன் வாசல்ல கொண்டு விட்டுடுத்து” என்றார். முத்துமாரி மேலே வந்தே கேட்டுவிட்டாள். “இன்னா அண்ணாத்த, வர்ற பொம்பளைங்கோ எல்லாம் என்னைக் கும்புட்டு வழி கேக்குறாங்கோ. இன்னா விசேஷம் கீது இங்கே?” என்றாள்.

வர்ஷினி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். “நான் ஆறு மாசமா சைட்ல எழுதணும்னு நினைச்சதை இவர் ஒரே ரிவ்யூல எழுதிட்டார் அங்கிள். வழி இருக்கு, அடையாளம் இருக்கு, நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னும் இருக்கு” என்றாள். அதையே நாமும் வெப்சைட்டில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்டேன். “நீங்க எழுதினா விளம்பரம். அவர் திட்டினாத்தான் நம்புவாங்க. தயவுசெஞ்சு இதுல யாரும் கைவைக்காதீங்க” என்றாள். ஆடி முழுக்க எனக்கு உட்கார நேரமில்லை அத்தான். ஒருநாள் அழுகைகூட வந்தது. உட்கார்ந்து அழலாம் என்றால் ஸ்டூலில் வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தார். சரோஜாதேவியும் ஊரில் வீடு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஆகவே தங்களுக்கு இரண்டு வேண்டுகோள். தங்கள் மூத்த மகள் பிள்ளையின் காதுகுத்து விழாவில் மறுபடியும் நட்சத்திர மேஜை போடப் போவதாகவும், அழித்தவன் மூக்கு உடைகிற மாதிரி இரண்டு மடங்கு போட வேண்டும் என்று நீங்கள் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அழித்தவனுக்கு மூக்கு இல்லை. எனக்குத்தான் இருக்கிறது, அது ஒருமுறை உடைந்துவிட்டது. தயவுசெய்து மேஜை வேண்டாம். இரண்டாவது, நீங்களும் அக்காவும் ஒரு நல்ல நாள் பார்த்து, தாம்பூலத் தட்டில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு உடன்குடிக்குப் போய், சித்தப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுக் காதுகுத்துக்கு அழைக்க வேண்டும். திட்டினாலும் என் கடையைக் காப்பாற்றியவர் அவர். பெரிய மனுஷர் மனம் நம்மால் நொந்தபடி இருக்கக்கூடாது. அவர் மனம் குளிர்ந்தால்தான் எனக்கு இங்கே தூக்கம் வரும்.

அக்காவிடம் முழங்காலுக்கு எண்ணெய் தடவாமல் படுக்க வேண்டாம் என்று சொல்லவும். ஷண்முகப்ரியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். காது குத்திக்கொள்ளப் போகும் குட்டிக்கு மாமாத் தாத்தாவின் முத்தங்கள். பெரியவர்களாகிய உங்கள் இருவரின் ஆசியும் எங்கள் மேலும், அந்தப் படிக்கட்டின் மேலும் எப்போதும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
ஜவஹர்

பி.கு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சரோஜாதேவி நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நேற்றுக் காலையிலேயே சித்திக்குப் போன் செய்து, நான் சித்தப்பாவைத் தெய்வம் என்று சொல்வதையும், நீங்கள் தாம்பூலத்தோடு வரப்போவதையும் சொல்லிவிட்டாளாம். சித்தப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எழுதியதை முழுக்க அழித்துவிட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘நல்ல குடும்பம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இன்று காலையிலிருந்து படிக்கட்டில் குனிந்து வந்தவர் யாரும் இல்லை. ஓர் அம்மாள் மட்டும் செருப்புக்கடையிலிருந்து போன் செய்தார். ஆகையால் மேலே சொன்ன இரண்டாவது வேண்டுகோளை அடித்துவிடவும். நீங்கள் உடன்குடிப் பக்கமே போக வேண்டாம். காதுகுத்துப் பத்திரிகையைச் சித்தப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பவும், சித்தி பெயரை விட்டுவிட்டு.